கடும் குடியேற்றச் சட்டம் உள்ள நாட்டில், ஆவணம் இல்லாத ஒருவருக்கு ஒரு கிறிஸ்தவர் அடைக்கலம் கொடுக்கலாமா?

நான் கொடுத்திருக்கிறேன், நடுங்கிக்கொண்டே.

எனக்குச் சொந்த ஊர் கேரள எல்லையிலுள்ள பாறசாலை. எல்லை தாண்டினால் தமிழகத்தின் களியக்காவிளை. 2017-இல் குவைத்தின் அப்பாசியாவில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். நவம்பரில் ஒரு ராத்திரி, நாசரேத் பக்கத்துத் தம்பி ஒருவன் பிளாஸ்டிக் பையும் கையுமாக வாசலில் நின்றான். ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. கேட்டுக் கேட்டு அலுத்து வெளியேறிவிட்டான். கஃபீலோ (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) ‘ஓடிப்போனவன்’ என்று புகார் கொடுத்துவிட்டார், பாஸ்போர்ட்டும் அவரிடமே. அவனைச் சேர்த்துக்கொண்டது தெரிந்தால் எங்களையும் விமானம் ஏற்றிவிடுவார்கள்.

அறையில் மூத்தவரான அண்ணன் ரோமர் 13-ஐ எடுத்து வாசித்தார்: அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும். வேதாகமத்தை மூடி வைத்தவர், தன் கட்டிலுக்கு அடியில் பாயையும் விரித்துக் கொடுத்தார். அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் அந்தத் தம்பி குளியலறைக்குள் ஓடுவான். நாங்கள் ஐந்து ஜோடிச் செருப்புக்கு அப்பால் கிடக்கும் ஆறாவது ஜோடியைத் தேடி ஒளிப்போம். 2018 ஜனவரி இறுதியில் பொதுமாப்பு வந்தது. (பொது மன்னிப்பை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) தூதரகத்தில் அவுட்பாஸ் (பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்பத் தரும் பயண ஆவணம்) வாங்கி ஊர் போய்ச் சேர்ந்தான்.

நாங்கள் செய்தது ஒளிப்பு வேலை. அதைப் பெரிதாகச் சொல்ல எனக்குக் கூச்சம். 2011-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், ஆவணமற்றவர் என்று தெரிந்தே ஒருவரை வண்டியில் ஏற்றுவதையும் தங்கவைப்பதையும் குற்றமாக்கியபோது, மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல், கத்தோலிக்க ஆயர்கள் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் ஊழியத்தையே சட்டம் குற்றமாக்குகிறது என்பது அவர்களின் வாதம். கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பிரிவை அந்த ஆண்டே நிறுத்திவைத்தது. வழக்குப் போட வழியிருக்கும் நாட்டில் இருப்பவர்கள் அந்த வழியில்தான் போக வேண்டும். எங்களுக்குக் கட்டிலடி மட்டுமே இருந்தது.

இப்போது ஊரில் எங்கள் லைன் வீட்டில் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், வங்காளம் பேசுபவர்கள். கேரள அரசு இவர்களை ‘அதிதி தொழிலாளி’, அதாவது விருந்தினர் தொழிலாளி, என்கிறது. போன மாதம் ஆராதனை முடிந்ததும் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “பங்களாதேஷ்காரர்களாக இருந்தால் உனக்குத்தான் தொல்லை, காலி செய்யச் சொல்லிவிடு” என்றார். அதே அண்ணன்தான். அப்பாசியாவை நினைவுபடுத்தினேன்.

“அது வேறு. அவன் நம் பிள்ளை” என்றார்.

நான் காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே போய் ஆறு பேரிடமும் ஆதார் நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.