காய்மேல் காய்: அடுக்கு விளையாட்டு வடிவமைப்பு – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தமாகப் பலகை விளையாட்டு செய்து பார்க்கிறவர்கள், காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆடும் விளையாட்டுகள் பற்றி அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஓசூர்): அண்ணா, நான் டூல் ரூமில் வேலை செய்கிறேன். ஜெங்கா மாதிரி ஒன்று செய்தோம். பிள்ளைகள் இரண்டு நாள் ஆடிவிட்டு மூலையில் போட்டுவிட்டார்கள். என்ன குறை?

பதில்: கோபுரம் விழுமா விழாதா என்ற பதற்றம் ஒன்றையே நம்பியிருக்கிறீர்கள். லெஸ்லி ஸ்காட் 1983-இல் வெளியிட்ட ஜெங்கா, 54 கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவி உச்சியில் வைக்கச் சொல்லி, அந்தப் பதற்றத்தை முழுசாகப் பிழிந்து எடுத்துவிட்டது. அதே பாதையில் போனால் அதன் நிழலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அடுக்கை வைத்து யோசிக்க வைக்கும் விளையாட்டுகள் தனிக் குடும்பம். உலகச் சதுரங்கச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் 1911-இல் 'லாஸ்கா' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் வெட்டிய காயை வெளியே எடுப்பதில்லை. வெட்டியவன் தன் காய்க்கு அடியில் செருகிக்கொள்கிறான். உச்சியில் இருக்கும் காய் யாருடையதோ, அடுக்கு அவருடையது. பிற்பாடு யாராவது அந்த உச்சிக்காயை வெட்டினால் கீழே இருக்கும் காய் வெளிப்படும்; அது எதிராளியுடையது என்றால் அடுக்கே கைமாறிவிடும். சிறைபிடித்தவர்களைத் தோளுக்குக் கீழே சுமந்துகொண்டே சண்டை போட வேண்டும். என்ன அழகான யோசனை!

'கேமல் அப்' என்ற பந்தய விளையாட்டில் ஒட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கீழே இருக்கும் ஒட்டகம் நகர்ந்தால் மேலே உள்ளவை எல்லாம் சும்மா சவாரி போகும். அதுவும் போக, ஒரே கட்டத்தில் நின்றால் மேலே இருப்பதுதான் முந்தியதாகக் கணக்கு. குழந்தைகூட ஒரே ஆட்டத்தில் புரிந்துகொள்ளும். 2014-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது அதற்குத்தான் கிடைத்தது.

உங்கள் அடுக்கும் இப்படி ஏதாவது ஒரு வேலை செய்யட்டும்: கீழே உள்ளதை அடக்கட்டும், அல்லது சுமக்கட்டும், அல்லது உயரத்தால் பலம் கொடுக்கட்டும்.

கேள்வி (தருமபுரி, பதினொன்றாம் வகுப்பு): அண்ணா, எங்கள் விளையாட்டில் அடுக்கு உயர உயரப் பலம் கூடும். முதலில் பெரிய அடுக்கு கட்டியவன்தான் எப்போதும் ஜெயிக்கிறான். எப்படிச் சரிசெய்வது?

பதில்: தம்பி, இந்தக் குடும்பத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. நீயே கண்டுபிடித்தது நல்ல அறிகுறி. உயரம் எதைக் கொடுக்கிறதோ, அதோடு ஒரு சுமையையும் கொடுக்க வேண்டும்.

கிரிஸ் பர்ம் 2001-இல் வெளியிட்ட 'டிவோன்' விளையாட்டைப் பார். 49 கட்டங்கள், ஆளுக்கு 23 காய், பொதுவாக மூன்று சிவப்புக் காய். ஒரு காய் ஒரு கட்டம் நகரும், மூன்று காய் அடுக்கு சரியாக மூன்று கட்டம்தான் நகரும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. போய் இறங்கும் இடத்தில் வேறு காய் இருக்க வேண்டும். ஆட்டம் போகப் போகப் பலகை காலியாகும். அப்போது எட்டு காய் உயர அடுக்குக்குச் சரியாக எட்டாவது கட்டத்தில் இறங்க இடம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. உயர்ந்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். அதோடு, சிவப்புக் காய்களோடு தொடர்பு அறுந்த அடுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பலகையை விட்டுப் போய்விடும். தண்டனை என்று தனியாக ஒரு விதியும் எழுதவில்லை. நகரும் விதியே கடிவாளம் போடுகிறது. எனக்கு இதைவிடப் பிடித்த தீர்வு இல்லை.

எளிய வழி வேண்டுமென்றால் சிட் சாக்ஸனின் 'ஃபோகஸ்' போல வரம்பு வை. அதில் அடுக்கு ஐந்தைத் தாண்டினால் அடியிலிருக்கும் காய்களை உருவிவிட வேண்டும். உன்னுடையவை உருவப்பட்டால் உன் கையிருப்புக்கு வரும், பின்னால் இறக்கலாம்.

சோதித்துப் பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். கேரம் காய்களே போதும்: ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு.

கேள்வி (கிருஷ்ணகிரி, மரப்பட்டறை): மாமரக் கட்டை இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. வட்டக் காய் செய்ய ஆகுமா? அளவு என்ன?

பதில்: ஆகும், நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தால். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளைய ரேகையின் போக்கில் அதிகம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் குறைவு. ஈரக் கட்டையில் வட்டமாகக் கடைந்தால் சில வாரத்தில் நீள்வட்டம் ஆகிவிடும். 30 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் தடிமன் என்று தொடங்குங்கள்; விரலுக்கு வாகான அளவு. ஓரத்தை உப்புத்தாளால் லேசாக உருட்டிவிட்டால் அடுக்கைப் பிரித்தெடுப்பது சுலபம். வார்னிஷ் கனமாக அடித்தால் வழுக்கும்.

இன்னொன்று: நிறத்தை மேல்முகத்தில் மட்டும் பூசாதீர்கள். பக்கவாட்டிலும் பூசினால்தான் அடுக்குக்குள் யார் காய் எங்கே இருக்கிறது என்று தெரியும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களுக்காக ஒரு நிறக் காயின் பக்கத்தில் சின்ன வெட்டுக்கோடு போட்டுவிடுங்கள்.

கேள்வி (பர்கூர்): கிரானைட் துண்டுகள் யூனிட்டில் வீணாகக் கிடக்கின்றன. காய் செய்யலாமா?

பதில்: எல்லாக் காயையும் கிரானைட்டில் செய்யாதீர்கள். சாதாரண மரத்தைப் போல சுமார் நாலு மடங்கு கனம். அடுக்கு சரிந்தால் பலகையும் விரலும் நசுங்கும். ஆனால் விசேஷக் காய் ஒன்றுக்கு அருமையாகப் பொருந்தும். 'டாக்' விளையாட்டில் தலைக்கல் என்று ஒரு காய் உண்டு. சுவராக நிற்கும் காயின்மேல் ஏறி அதைப் படுக்க வைக்கும் உரிமை அதற்கு மட்டும். அப்படி ஒன்றைக் கல்லில் செய்தால், கையில் எடுக்கும்போதே அதன் அதிகாரம் தெரியும். அடிப்பக்கம் பாலிஷ் வேண்டாம், சொரசொரப்பு இருந்தால்தான் நிற்கும்.

கேள்வி (பாலக்கோடு, ஆசிரியை): வகுப்பில் கணக்குக்கு இதைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: முடியும் டீச்சர். ஒரே அளவுள்ள கட்டைகளை மேசை ஓரத்தில் அடுக்கச் சொல்லுங்கள். உச்சிக் கட்டை தனக்குக் கீழுள்ளதைவிட அரை நீளம் வெளியே நீட்டலாம், அடுத்தது கால், அடுத்தது ஆறில் ஒன்று, அப்புறம் எட்டில் ஒன்று. நாலையும் கூட்டினால் 25/24. அதாவது நாலே கட்டையில் மேல்கட்டை முழுவதும் மேசைக்கு வெளியே! நாலில் துளி இடம்தான் மிச்சம் என்பதால் பிள்ளைகளுக்கு ஐந்தோ ஆறோ கொடுங்கள். பின்னக் கூட்டல் அங்கேயே வந்துவிடும்.

கேள்வி (அரூர்): நம் ஊர் சார்ந்த கரு ஏதாவது?

பதில்: கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் கற்திட்டைகள். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். சுவர்க்கல்லை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், மூடுகல் வைத்தவருக்கே திட்டை சொந்தம் என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். கடைசிச் சுவரை நிறுத்த எல்லோரும் தயங்குவார்கள். ஆட்டம் அங்கேதான் பிறக்கும்.

கேள்வி (ஊத்தங்கரை): என் விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கலாமா? யாராவது திருடிவிட்டால்?

பதில்: இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 3(எம்) படி விளையாடும் முறை கண்டுபிடிப்பாகக் கருதப்படாது. விதிகளுக்குக் காப்புரிமை கிடைக்காது. ஆனால் நீங்கள் எழுதிய விதிப்புத்தகத்தின் வாசகம், வரைந்த படங்கள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. பெயரை வணிகக் குறியாகப் பதியலாம். அதே காரணத்தால் 'ஜெங்கா' என்ற பெயரை உங்கள் பெட்டியில் போடாதீர்கள், அது பதிவான பெயர். திருட்டுக்குப் பயந்து யாருக்கும் காட்டாமல் மட்டும் வைத்திருக்காதீர்கள். தெரியாத நாலு பேர் உட்கார்ந்து, நீங்கள் வாய் திறக்காமல், விதியைப் படித்து ஆடி முடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.