ஸ்பானிஷ் இலக்கியம் படிக்க விரும்பும் மகள்: கவலையோடு எழுதிய தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடிக்கவிருக்கும் தங்கள் மகள் ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் படிக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறார் என்றும், ஸ்பானிய, கரீபியன் எழுத்துகளில் காதலும் பாலினமும் சமூகமும் எப்படிப் பேசப்படுகின்றன என்பதை ஆராயவே அவருக்கு ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பது ஒன்று. காதலைப் பற்றிப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்பது மற்றொன்று. இரண்டாவது தெளிந்தால்தான் முதலாவதை நிதானமாகப் பேச முடியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கியூபாவில் பிறந்த கெர்த்ரூதிஸ் கோமெஸ் தெ அவெயானேதா என்ற பெண் எழுதி 1841-இல் மத்ரித் நகரில் வெளியிட்ட ‘சாப்’ என்னும் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புத் தோட்டத்து அடிமையான சாப், தன் எஜமானரின் மகள் கார்லோத்தாவை மனதுக்குள் காதலிக்கிறான். அவளோ ஓர் ஆங்கிலேய வணிகரின் மகனை விரும்புகிறாள். அந்த இளைஞனுக்கு அவள் கொண்டுவரும் சொத்தின் மீதுதான் கண். சொத்து போதாது என்று திருமணம் தடைப்படும் நிலை வந்தபோது, தனக்குப் பரிசு விழுந்த லாட்டரிச் சீட்டைச் சாப் அவளுக்கே தெரியாமல் அவள் பெயருக்கு மாற்றிவிடுகிறான். திருமணம் நடக்கிறது, சாப் இறந்துபோகிறான். அவன் விட்டுச்செல்லும் கடிதத்தில், அடிமையாவது பணம் சேர்த்துத் தன்னை மீட்டுக்கொள்ளலாம் என்று நம்பலாம், மணமான பெண்ணுக்கு அந்த நம்பிக்கைகூட இல்லை என்ற கருத்து வருகிறது. கியூபாவில் அடிமைமுறை 1886-இல்தான் ஒழிந்தது என்பதை வைத்துப் பார்த்தால், இந்த வரிகள் எவ்வளவு துணிச்சலானவை என்பது விளங்கும். நாவலைக் கியூபாவுக்குள் விடக்கூட அன்றைய தணிக்கை அதிகாரிகள் இசையவில்லை. அவெயானேதா 1853-இல் ஸ்பானிய மொழிக் கழகத்தில் இடம் கேட்டபோது பெண் என்பதற்காகவே மறுக்கப்பட்டார். அந்தக் கழகம் ஒரு பெண்ணை முதன்முதலாக உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1978-இல்.

இந்த நாவலை வகுப்பில் படிக்கும் மாணவி காதல் கதையோடு நின்றுவிட முடியாது. வரதட்சணை, வாரிசுரிமை, சர்க்கரை வணிகம், நிறவேற்றுமை, அச்சுத் தணிக்கை ஆகிய அனைத்தையும் அவள் தேடிப் படித்தாக வேண்டும். ஸ்பானிய நாடக ஆசிரியர் ஃபெடரிக்கோ கார்சியா லோர்கா 1936-இல், தாம் கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எழுதி முடித்த ‘பெர்னார்தா அல்பாவின் வீடு’ நாடகமும் இப்படிப்பட்டதுதான். கணவன் இறந்ததும் எட்டு ஆண்டுகள் துக்கம் காக்க வேண்டும் என்று ஐந்து மகள்களையும் வீட்டுக்குள் பூட்டிவைக்கிறாள் தாய். மேடையில் ஓர் ஆண்கூடத் தோன்றுவதில்லை. ஆனாலும் மூத்தவளின் சொத்துக்காக அவளை மணக்க வரும் இளைஞனையும், அவனை ரகசியமாக விரும்பும் கடைசி மகளையும் சுற்றியே எல்லாம் நடக்கிறது. அந்தப் பெண் தூக்கிட்டுக்கொண்ட பிறகும் தாயின் கவலை, அவள் கன்னியாகவே இறந்தாள் என்று ஊர் நம்ப வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. குடும்ப மானம் என்ற பெயரில் ஒரு வீட்டுக்குள் அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து அரிது. தங்கள் மகள் இதைப் படிக்க ஆசைப்படுவது மன முதிர்ச்சியின் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த இலக்கியம் பொது வாழ்வோடும் நேரடியாக இணைந்திருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி த்ருஹியோவை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவர் 1960 நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டனர். அவர்களைப் பற்றி ஹூலியா அல்வாரெஸ் எழுதிய நாவல் 1994-இல் வந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான பன்னாட்டு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1999-இல் அறிவித்ததும் அதே நவம்பர் 25-ஐத்தான்.

இங்கே ஒன்றைத் தங்கள் மகள் கவனிக்க வேண்டும். அல்வாரெஸ் எழுதியது ஆங்கிலத்தில். ஒரு தாய் மகளுக்குச் சொல்லும் கட்டளைகளையே கதையாக்கிய ஆன்டிகுவா எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்டும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். குவாதலூப்பின் மரீஸ் கோந்தே பிரெஞ்சில் எழுதினார். கரீபியன் என்பது ஒரே மொழியின் நிலப்பரப்பு ஆகாது என்பதால், ஸ்பானிஷை முதல் மொழியாகக் கொண்டு, பின்னர் பிரெஞ்சையும் ஓரளவு கற்பது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். பிரெஞ்சும் தமிழும் அறிந்த ஒருவருக்கு அங்கே ஆய்வுக்கு உரிய களம் காத்திருக்கிறது.

இனி வேலை. மறைக்காமல் சொல்கிறேன்: இலக்கியம் தெரிந்திருப்பதற்காக மட்டும் தொடக்கத்தில் யாரும் சம்பளம் தர மாட்டார்கள், மொழித்திறனுக்குத்தான் தருவார்கள். சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாகவும், ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்றாகவும் இருக்கும் ஸ்பானிஷை நன்கு அறிந்தவர்களுக்குச் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும், லத்தீன் அமெரிக்காவுக்குக் கார், மருந்து போன்றவற்றை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களிலும் இடம் உண்டு. பள்ளிகளிலும் தனியார் மையங்களிலும் மொழி கற்பிக்கலாம். பல்கலைக்கழக ஆசிரியராக விரும்பினால் முதுகலைக்குப் பின் யுஜிசி நெட் தேர்வை ஸ்பானிஷிலேயே எழுதலாம். ஆனால் தமிழ்நாட்டில் அத்தகைய பணியிடங்கள் மிகக் குறைவு என்பதையும், வெளி மாநிலம் செல்லத் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். எளிய ஆவணங்களை இயந்திரங்களே மொழிபெயர்த்துவிடும் காலம் இது என்பதால், வெறும் மொழிபெயர்ப்பு வேலையை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலக்கியம் படித்தவருக்கு உள்ள கூடுதல் பலம் அங்கேதான் தெரியும்: ஒரு சமூகத்தின் குடும்ப அமைப்பையும் பேச்சின் உட்பொருளையும் அறிந்தவர், உரைபெயர்ப்பு (ஒருவர் பேசுவதை உடனுக்குடன் வேறு மொழியில் சொல்லும் பணி), பதிப்பு, பெண்ணுரிமைத் தொண்டு நிறுவனங்கள், தூதரகப் பணி ஆகியவற்றில் நிலைத்து நிற்பார். லத்தீன் அமெரிக்க நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்திருக்கின்றன. நேரடியாக மொழிபெயர்க்கக்கூடியவர்கள் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை. ஆயினும் அது முழுநேர வருமானம் தராது.

படிக்கும் இடத்தைப் பொறுத்தவரை என் முதல் பரிந்துரை டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் இளங்கலை ஸ்பானிஷ். அடிப்படை எழுத்திலிருந்தே கற்பிக்கிறார்கள், கட்டணமும் குறைவு. கியூட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் அடுத்த தேர்வு. தூரத்தை நினைத்துத் தயங்கும் குடும்பங்களுக்கு அது ஏற்றது. உள்ளூரிலேயே இருக்க வேண்டுமென்றால், பி.ஏ. ஆங்கில இலக்கியத்தோடு ஸ்பானிஷை வெளியே கற்கலாம். ஆனால் மொழியைத் தள்ளிப்போட்டு மொழிபெயர்ப்பு நூல்களை மட்டும் படித்தால் மூன்று ஆண்டுகள் கழித்துக் கையில் திறன் எதுவும் மிஞ்சாது. எந்த வழியில் சென்றாலும், ஸ்பெயின் அரசு அங்கீகரிக்கும் டெலே மொழித்திறன் தேர்வில் பி2 என்னும் மேல் இடைநிலையைப் பட்டப்படிப்புக்குள் எட்டுவதை இலக்காக வையுங்கள். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பதும் அந்த நிலையைத்தான்.

விண்ணப்பிப்பதற்கு முன் இந்தப் படிப்பு தனக்குப் பொருந்துமா என்பதை அவரே சோதித்துப் பார்க்கட்டும். தொடக்கநிலை வகுப்பு ஒன்றில் இரண்டு மாதம் சேர்த்துவிடுங்கள். அதே நேரத்தில் லோர்காவின் நாடகத்தை ஆங்கிலத்தில் படித்து, அந்த வீட்டில் பணம் யாரிடம் இருக்கிறது, முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வினைச்சொல் வடிவங்களை மனப்பாடம் செய்வதில் சலிப்பும் கதை பேசுவதில் மட்டும் ஆர்வமும் தெரிந்தால், சமூகவியலோ ஆங்கில இலக்கியமோ அவருக்கு நல்லது. இரண்டிலும் ஆர்வம் குறையாமல் இருந்தால் சேர்க்கை விண்ணப்பத்தில் ஸ்பானிஷை முதல் விருப்பமாகவே குறிப்பிடலாம். அவர் எழுதிய இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அவரோடு நேரில் பேசுகிறேன்.