சுவரில் டிகாஷன் பூசும் மகளை என்ன செய்வது?

திண்டுக்கல்லிலிருந்து எழுதிய அப்பாவுக்கு, வணக்கம் சார்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்கு குரூப், மார்க்கும் பரவாயில்லை, கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளோ சினிமாவுக்கு செட் போடுகிற வேலைதான் வேண்டும் என்கிறாள். போன மாதம் நண்பர்கள் எடுத்த குறும்படத்துக்காக உங்கள் மாடி அறைச் சுவர் முழுக்க டீ டிகாஷனைப் பூசி, புது பெட்ஷீட்டைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டு, இப்போது வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கோபத்தில் நாலு போட்டோவும் அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்பியது நல்லதாகப் போயிற்று, கடிதத்தைவிட அந்தப் போட்டோக்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின.

மூன்றாவது போட்டோவை நீங்களே இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் அழுக்கு படிந்த மாதிரி கறுப்பு ஏற்றியிருக்கிறாள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இல்லை, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் மட்டும் அதிகம். கட்டில் தலைமாட்டில் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து உண்டான மங்கல் வட்டம். ஆணிக்குக் கீழே, காலண்டரைக் கழற்றினால் தெரியுமே ஒரு வெளுத்த செவ்வகம், அதுவும் இருக்கிறது. பத்து வருடம் ஒரே குடும்பம் வாடகைக்குக் குடியிருந்த வீடு என்று அந்தச் சுவரைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இதை அவளுக்கு யாரும் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். சென்னையில் போட்ட தாராவி செட்டைப் பார்த்துவிட்டு நிஜ மும்பை என்று நம்பியவர்கள் நாம், 1987இல் வந்த நாயகனைச் சொல்கிறேன், அதன் கலை இயக்குநர் தோட்டா தரணிக்கு அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. அந்த நம்பிக்கை கூரையின் உயரத்தால் மட்டும் வருவதில்லை, இந்த மாதிரி அழுக்காலும் வருவது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு உடனே பெட்டியைக் கட்டிக் கோடம்பாக்கத்துக்கு அனுப்பி வையுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கண் இருப்பது பாதிதான். அந்த அறைக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்று அவளிடம் கேட்டீர்களா? கேளுங்கள். "ஒரு ரெண்டாயிரம் இருக்கும்ப்பா" என்று சொன்னால் அவள் இன்னும் தயாரில்லை. நோட்டை எடுத்து வந்து டிஸ்டம்பர் இவ்வளவு, ஆட்டோ இவ்வளவு என்று காட்டினால் அப்புறம் நாம் பேசலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் நானும் ஒரு ஆர்ட் டிபார்ட்மெண்டில் அசிஸ்டென்டாக இருந்தவன். ஒரு சின்ன விளம்பரப் படம், டீக்கடை செட். பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பின்சுவர், பக்கச்சுவர், மேலே ஓலைத் தாழ்வாரம், பிஸ்கட் பாட்டில் மட்டும் நாற்பது. இரண்டு ராத்திரி தூங்காமல் போட்டோம். காலையில் கேமராவை வைத்தார்கள், கையும் கண்ணாடி டம்ளரும் பின்னால் மங்கலாக மூன்று பாட்டிலும்தான் ஃப்ரேமில் இருந்தன. ஷாட் பிரிப்பை, அதாவது எந்த ஷாட்டில் எது தெரியும் என்பதை, முன்னாடியே உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு மேஜையும் நாலடித் தட்டியும் போதுமாயிருந்தது. செலவு பட்ஜெட்டைத் தாண்டியதால் கடைசித் தவணைப் பணத்தை அந்தக் கம்பெனி தரவே இல்லை, பில்லும் பாதிக்குத்தான் என்னிடம் இருந்தது. கார்பெண்டருக்குக் கைக்காசிலிருந்து கொடுத்தேன்.

குறைந்த பட்ஜெட்டில் செட் போடுவது என்றால் எதைக் கட்டாமல் விடலாம் என்று முடிவு செய்வதுதான். பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. மூன்றை நிமிர்த்தி வைத்துப் பின்னால் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து முட்டுக் கொடுத்து மணல் மூட்டை போட்டால் பன்னிரண்டு அடிக்கு ஒரு சுவர் வந்துவிடும். முன்பக்கம் போலீஸ் ஸ்டேஷன் பச்சை, திருப்பினால் ஆஸ்பத்திரி வார்டு. பெரும்பாலான காட்சிக்கு இரண்டு சுவரும் ஒரு மூலையும் போதும். இருக்கிற வீட்டிலேயே எடுக்கிறார்கள் என்றால் இன்னும் லேசு, ஆனால் அங்கேயும் வேலை இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் பாதி வெள்ளைச் சுவர், விளக்கைப் போட்டதும் நடிகர் முகத்தைவிடச் சுவர்தான் பளிச்சென்று முன்னால் வரும், எனவே அதை ஒரு சுற்று மங்க வைக்க வேண்டும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது நம் பழக்கம், அதை மூன்றடி முன்னால் இழுத்தாலே அறைக்கு ஆழம் வந்துவிடும், இதற்கு ஒரு பைசா செலவில்லை. மலிவான எல்.இ.டி. பல்பு ஃப்ரேமில் இருந்தால் சில சமயம் வீடியோவில் படபடவென்று அடிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, ஷூட்டிங்குக்கு முந்தின நாளே கேமராவில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் கேமராமேனோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள், தனியாக ரூமில் படம் வரைந்து வராது.

இதற்கு எனக்குப் பிடித்த ஒரு உதாரணம் இருக்கிறது. சத்யஜித் ராய் 1956இல் எடுத்த அபராஜிதோ படத்தில் காசியில் ஒரு வீட்டின் உள்முற்றம் வரும். திறந்த வெளியில் போட நினைத்த செட், மழைக்காலம் வந்துவிடுமே என்ற பயத்தில் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் போட வேண்டியதாயிற்று. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. ஸ்டுடியோவுக்குள் வானம் ஏது? அந்த மாதிரி முற்றத்தில் மேலேயிருந்து வருகிற, நிழல் விழாத வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முதலில் வாதாடியிருக்கிறார். கடைசியில் செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து விளக்கை அதில் அடித்துத் திருப்பிவிட்டார். துணிதான் வானம். இன்றைக்கு எல்லா ஷூட்டிங்கிலும் வெளிச்சத்தைத் துணியிலோ தெர்மாகோலிலோ அடித்துத் திருப்புகிறார்களே, அதைத் திட்டமாகச் செய்து காட்டிய ஆரம்பகால வேலைகளில் இது ஒன்று. உங்கள் பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னையில் எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. நாலு வருடப் பட்டம், ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்று பிரிவுகள். பொறியியல் கவுன்சலிங்கோடு இதற்குச் சம்பந்தமில்லை, விண்ணப்பம் தனி, உட்கார்ந்து வரைந்து காட்டுகிற நுழைவுத் தேர்வும் உண்டு. கட்டணம், நீங்கள் சொன்ன கல்லூரியின் ஒரு செமஸ்டர் பஸ் ஃபீஸைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிற்பம் படித்தவர்களுக்கு செட்டில் தனி மரியாதை, மோல்டு எடுக்கத் தெரியும், அளவு தெரியும்.

கணக்கு குரூப் என்பதால் பி.ஆர்க். வழியும் திறந்திருக்கிறது. ஐந்து வருடம், நாட்டா என்கிற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவும் அதிகம், ஆனால் சினிமா கைவிட்டால் சோற்றுக்கு வழி இருக்கும். உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் இதைத்தான் யோசிப்பேன், பணம் புரளும் என்றால் மட்டும். அகமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) கண்காட்சி வடிவமைப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது, போட்டி கடுமை, எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. அதில் சேர நுண்கலை, கட்டடக்கலை, இன்டீரியர் மாதிரி ஏதாவது ஒன்றில் பட்டம் வேண்டும், பி.இ. கம்ப்யூட்டர் அங்கே உதவாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "முதலில் பி.இ. முடி, அப்புறம் உன் இஷ்டம்" என்று நிறைய அப்பாக்கள் சொல்கிறார்கள், நீங்களும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையைப் பொறுத்தவரை அது நாலு வருடத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமில்லை, ஒரு கதவை மூடுவதும்கூட. அதேபோல "டிகிரியே வேண்டாம், நேராக அசிஸ்டென்டாகச் சேருகிறேன்" என்று அவள் சொன்னாலும் இதே புனே விஷயத்தை அவளிடம் எடுத்து வையுங்கள்.

ஆறு மாத டிப்ளமோ, "நூறு சதவீத சினிமா வாய்ப்பு" என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். செட்டைக் கம்ப்யூட்டரில் வரைகிற ஸ்கெட்ச்அப் மென்பொருளை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். ரீப்பர் அடிக்கக் கற்றுக்கொள்ள உங்கள் தெருக்கோடி கார்பெண்டர் போதும், லீவில் ஒரு மாதம் அங்கே நிற்கச் சொல்லுங்கள்.

பணம். ஆரம்ப வருடங்களில் மாதச் சம்பளம் என்று ஒன்று இருக்காது, வேலை இருக்கிற நாளுக்குக் காசும் பேட்டாவும், இல்லாத மாதம் இல்லை. பெரிய படங்களில் வேலை செய்ய பெப்சி என்கிற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்த சங்கத்தின் கார்டு வேண்டியிருக்கும், அதற்குக் காலமும் பணமும் ஆகும். யூடியூப் தொடர், குறும்படம், சின்ன விளம்பரம் இவற்றில்தான் பலரும் கை பழகுகிறார்கள். நடுவில் வருகிற காலி மாதங்களை எப்படி ஓட்டுவது என்று தெரிந்தவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். பிளைவுட், பெயிண்ட், கணக்கு, ஆள் மேய்ப்பது, இந்த நாலும் தெரிந்தவளுக்குக் கண்காட்சி ஸ்டால், கல்யாண மேடை, கடை அலங்காரம், மியூசியம் வேலை எல்லாம் இருக்கிறது. திண்டுக்கல்லிலேயே இருக்கிறது.

பெண் பிள்ளை, ராத்திரி வேலை என்ற உங்கள் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். செட் வேலை ராத்திரியில்தான் நடக்கும், அவுட்டோரில் கழிப்பறைகூட ஒழுங்காக இருக்காது, ஆர்ட் டிபார்ட்மெண்டில் பெண்கள் இன்னும் குறைவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, சேருகிற இடத்தில் அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இன்னும் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். சின்ன ஷூட்டிங்கில் கிரேன் இருக்காது, ஆனால் தெர்மாகோலுக்கும் சாக்குத் துணிக்கும் பக்கத்தில் சூடான லைட் நிற்கும், ஏணியைப் பிடிக்க ஆள் இருக்காது. தீயணைப்பு சிலிண்டருக்கும் ஏணிக்கும் பட்ஜெட்டில் காசு ஒதுக்காத ஆளிடம் வேலை செய்யக் கூடாது என்பதை மட்டும் உங்கள் தரப்பிலிருந்து ஒரு நிபந்தனையாக வையுங்கள். மற்ற நிபந்தனைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். அதே மாடி அறை. எட்டாயிரம் ரூபாய் அவள் கையில் கொடுங்கள், பத்து நாள் டைம். 1980களின் ஒரு கிராமத்துத் தபால் ஆபீஸாக அதை மாற்றச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் ஒரு சாமானும் வாங்கக் கூடாது, பழைய தபால் ஆபீஸ் எப்படி இருந்தது என்று நாலு பெரியவர்களிடம் கேட்டு, அளவு போட்டு வரைந்து, ஃப்ரேமில் வராத பக்கத்தைக் கோடிட்டுக் காட்ட வேண்டும். கவுண்டர், பழைய மேஜை எல்லாம் கட்டடம் இடித்த சாமான் விற்கிற இடத்தில் வாடகைக்குப் பேசிப் பார்க்கட்டும், விலைக்கு வாங்கினால் எட்டாயிரம் அங்கேயே தீர்ந்துவிடும். முடித்ததும் முதலில் வெறும் அறை, அப்புறம் வேலை நடக்கும்போது, அப்புறம் முடிந்தது என்று ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுக்கட்டும், கல்லூரி நேர்காணலுக்கும் நாளைக்கு வேலை கேட்டுப் போகிற இடத்துக்கும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பத்தாவது நாள் அறையின் போட்டோவோடு கணக்கு நோட்டையும் பக்கம் பக்கமாக எடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் நோட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கவின்கலைக் கல்லூரி அறிவிப்பு எப்போது வருகிறது என்று தினமும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருங்கள், பொறியியல் கவுன்சலிங் சந்தடியில் அது கண்ணில் படாமலே போய்விடும்.