'ரேங்க்கர்' என்றால் கோபமா, காழ்ப்பா?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரி வினாத்தாளில் 'ரேங்க்கர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கோபம்' என்று விடை குறித்தேன், தவறாம். 'ஐ ஹேவ் எ ரேங்க்கர் ஆன் மை பிரதர்' என்று எழுதலாமா?

பதில்: கோபம் வரும், போகும். ரேங்க்கர் போகாது. என்றோ நடந்ததை மறக்க மனமில்லாமல் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். லத்தீனில் அழுகி நாறுவதைக் குறித்த வேரிலிருந்து வந்த சொல் இது. நாள்பட்டு சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயை ஆங்கிலத்தில் 'ரேன்சிட்' என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். தமிழில் 'காழ்ப்பு' ஏறக்குறைய பொருந்தும். 'வன்மம்' என்றாலும் தப்பில்லை.

உங்கள் வாக்கியத்தில் இரண்டு பிழைகள். இது எண்ண முடியாத பெயர்ச்சொல், ஆகவே முன்னால் 'எ' வராது. 'ஆன்' என்பதும் பொருந்தாது. 'அகெயின்ஸ்ட்' அல்லது 'டுவர்ட்ஸ்' வேண்டும். இரு தரப்புக்கும் இடையே என்றால் 'பிட்வீன்'. இவற்றைத் திருத்தினாலும் அண்ணன் தம்பி மனத்தாங்கலுக்கு இது கொஞ்சம் கனமான சொல். 'கிரட்ஜ்' போதும். 'ஐ ஹேவ் எ கிரட்ஜ் அகெயின்ஸ்ட் மை பிரதர்' என்று எழுதுங்கள், இயல்பாக இருக்கும். அதை எண்ணலாம் என்பதால் 'எ' வரலாம்.

ரேங்க்கர் பேச்சில் அரிது. நாடாளுமன்ற அமளி, கட்சிப் பிளவு, பாகப்பிரிவினை வழக்கு பற்றிய எழுத்தில்தான் அதிகம் தென்படும். அங்கேயும் 'விதவுட் ரேங்க்கர்' என்று இல்லாமையைச் சொல்லும் வழக்கு மிகுதி. 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து 1990-இல் வெளியே வந்த நெல்சன் மண்டேலாவைப் பற்றி எழுதும்போது பொருத்தமாக விழும் தொடர் அது: காழ்ப்பில்லாமல் பேசினார். இந்தத் தொடரை மட்டும் மனப்பாடம் செய்தாலே சொல்லின் பாதி பிடிபட்டுவிடும்.

நம் அரசியல்வாதிகள் 'அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போட்ட வழக்கு' என்பார்கள். அதை ஆங்கிலமாக்கும்போது ரேங்க்கர் எடுபடாது. அங்கே பழிவாங்கும் செயலைக் குறிக்கும் 'வெண்டெட்டா' வேண்டும். ரேங்க்கர் உணர்வு மட்டுமே. அந்தக் கசப்பு வாய்ச்சண்டையாக வெடித்தால் 'அக்ரிமனி'.

எழுத்துக்கூட்டலில் ஒரு சிக்கல். பிரிட்டன் முறையில் ஈற்றில் 'ஓ, யூ, ஆர்'. அமெரிக்க முறையில் 'யூ' கிடையாது. ஆனால் பெயரடையான 'ரேங்க்கரஸ்' என்பதில் பிரிட்டன்காரர்களும் 'யூ'வை ஆரின் முன்னால் எழுதுவதில்லை, 'ஹ்யூமரஸ்' மாதிரியே. பிழை கண்டுபிடிக்கும் வினாக்களுக்கு ஏற்ற இடம் இது, கவனம்.

தேர்வில் ஒத்த சொல் கேட்டால் 'பிட்டர்னெஸ்', 'மாலிஸ்', 'அனிமாசிட்டி' ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். எதிர்ச்சொல்லுக்கு 'அமிட்டி' அல்லது 'குட்வில்' வரக்கூடும்.