புது மெம்பிரேன் போட்டும் ஆர்.ஓ. அழுத்தம் ஏறினால்

திருப்பூர் சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு இரண்டு முறை மெம்பிரேன் (உப்பையும் அழுக்கையும் தடுக்கும் சவ்வு) மாற்றியும் அழுத்தம் ஏறுகிறதா? மூன்றாவது செட் வாங்காதீர்கள். புது மெம்பிரேன் ஆறே வாரத்தில் அடைத்துக்கொள்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால்தான் இருக்கும். நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும் உயிரியல் தொட்டியிலிருந்து சேறு சரியாகத் தெளியாமல் வடிகட்டியையும் தாண்டி வருகிறது என்பது என் கணிப்பு.

ஆர்.ஓ.வின் ஒவ்வொரு கட்டத்திலும் நுழைவு அழுத்தத்தையும் வெளியேறும் அழுத்தத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். வித்தியாசம் முதல் கட்டத்தில் ஏறினால் சேறு, கடைசிக் கட்டத்தில் ஏறினால் உப்புப் படிவு.

பிறகு மெம்பிரேன்கள் இருக்கும் குழாய்களில் முதலாவதைத் திறந்து மெம்பிரேனின் முகப்பை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பாக, வழவழவென்று, குளத்துப் படிக்கட்டுப் பாசிபோல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சேறுதான். கடைசிக் குழாயில் நறநறவென்று வெள்ளைப் பொருக்கு இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு அதன்மேல் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. பொங்காவிட்டால் சிலிக்காவாகவோ கால்சியம் சல்பேட்டாகவோ இருக்கலாம். அது சாதாரண அமிலக் கழுவலுக்கு அசையாது.

உள்ளே போகும் தண்ணீருக்கு 0.45 மைக்ரான் தாளில் 15 நிமிட எஸ்.டி.ஐ. சோதனை (தண்ணீர் அந்தத் தாளை எவ்வளவு வேகமாக அடைக்கிறது என்று அளப்பது) செய்யுங்கள். 5-க்கு மேல் வந்தால் அது ஆர்.ஓ.வுக்கு விடக்கூடாத தண்ணீர்.

ஓர் எச்சரிக்கை: வழவழப்பு இருந்தால் முதலில் காரக் கழுவல், பிறகுதான் அமிலம். மாற்றிச் செய்தால் அழுக்கு இறுகிவிடும். பாலிஅமைடு மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகவே ஆகாது.

சரியாகும்வரை சாயம் போடும் துணியின் அளவைக் குறையுங்கள். ஒரு குடம் கழிவுநீரைக்கூட நொய்யல் பக்கம் திருப்பாதீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டது அந்த ஆற்றுக்காகத்தான்.