அஞ்சு மார்க் வாங்கிய பிள்ளை எங்கே போனான்?

கேள்வி: கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என் தலையில்தான். படிப்பின் நோக்கம் நிறைவேறுகிறதா என்று மதிப்பிடத் திட்டம் போடுவது எப்படி என ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் பயிற்சி நடத்துகிறேன். வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். "இருபது வருஷமாப் பாடம் எடுக்கிறோம், எங்களுக்கே நீ சொல்லித் தர்றியா?" என்கிறார்கள் மூத்தவர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டம், கேள்வித்தாள், மார்க் கணக்கு எல்லாம் வைக்கும் கோர்ஸ் ஃபைலைக் கேட்டால், போன வருட ஃபைலில் வருடத்தை மட்டும் மாற்றித் தருகிறார்கள். பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் குழு வரும் நேரத்தில் எல்லாருடைய கோர்ஸ் ஃபைலையும் வீட்டுக்குக் கொண்டுபோய் நானே முடிக்கிறேன். பத்தாவது படிக்கும் மகள்கூட ராத்திரியில் எக்செல் போட்டுத் தருகிறாள், பாவம். "அஞ்சு வாங்கினவங்களுக்கு ஆறு போட்டா லெவல் மூணு வந்துடும்மா, டோட்டல் மாறாம நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டாள். கணவர், வேலையை விட்டுவிடு என்கிறார். ஆசிரியர்களுக்கு அக்கறை வரவைப்பது எப்படி? இல்லை, இந்தப் பொறுப்பையே விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: மூத்தவர்களின் பேச்சு, டீ, கையெழுத்து, பழைய ஃபைல், இதெல்லாம் எனக்குப் பழகிய கதை. இந்தப் பொறுப்பில் இருக்கும் பலர் இதையேதான் எழுதுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் மகளைப் பற்றிய வரிகளை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அவள் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. தடுத்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அவள் செய்ததைக் கொஞ்சம் பார்ப்போம். பத்து மார்க் கேள்வி. ஆறு வாங்கினால் இலக்கைத் தொட்டதாகக் கணக்கு. பல கல்லூரிகளில் 80 சதவீதம் பேர் தொட்டால் உச்சமான லெவல் 3, 70 என்றால் 2, 60 என்றால் 1 என்று வைத்திருக்கிறார்கள். அறுபது பேர் வகுப்பில் 48 பேர் தொட வேண்டும். நாற்பது பேர்தான் தொட்டிருக்கிறார்கள் என்றால், எட்டுப் பேருடைய ஐந்தை ஆறாக்கிவிட்டு, மொத்தம் இடிக்காமல் இருக்க வேறொரு கேள்வியில் ஒன்றைக் குறைத்தால் முடிந்தது. பத்தாவது படிக்கிற பிள்ளை இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். நல்ல மூளை. அந்த மூளைக்கு, பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்து கள்ளக்கணக்கு பழக்கியிருக்கிறீர்கள். நாளைக்கு அவள் படிப்பிலோ வேலையிலோ இதையே செய்தால் எந்த வாயால் கண்டிப்பீர்கள்?

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. கல்லூரியில் ஆயிரம் நெருக்கடி இருக்கலாம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு தாய்க்கு உரிமை கிடையாது. இன்றைக்கே அவளிடம் பேசுங்கள். "நான் உன்னைச் செய்யச் சொன்னது தப்பு, இனிமேல் இந்த ஃபைல் நம் வீட்டுக்கு வராது" என்று நேராகச் சொல்லுங்கள். சாக்குப்போக்கு எதுவும் சேர்க்க வேண்டாம். உங்கள் கணவரும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? வேலையை விடு என்று சொல்லத் தெரிந்தவருக்கு, பிள்ளையை எழுந்து போய்ப் படி என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, அந்த எட்டுப் பேர். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் படிப்பிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, கணக்கைச் சரியாகப் போட்டு, ஏன் அப்படிப் போட்டோம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதத் தெரியாமல் ஐந்தில் நின்றவன் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். தாலிக்கொடியை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மதிப்பீடே. ஐந்தை ஆறாக்கிய உடனே அந்தப் பிள்ளை ஏட்டிலிருந்து காணாமல் போய்விடுகிறான். அடுத்த வருடம் அதே பாடம் அதே மாதிரி நடக்கும். அவனைப் போலவே இன்னும் எட்டுப் பேர் ஐந்தில் நிற்பார்கள். நம்மை நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் நம் பிள்ளைகள்தான். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

இன்னொன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்கு செமஸ்டர் தேர்விலிருந்து கிடைப்பது கிரேடு மட்டும். எந்தக் கேள்வியில் யார் தடுமாறினார் என்பது வராது. கேள்வி வாரியாகப் பார்க்க உங்கள் கையில் இருப்பது இன்டர்னல் விடைத்தாள்தான். பாடம் முடியும்போது மாணவர்களிடம் கருத்துக் கேட்கும் கோர்ஸ் எக்சிட் சர்வேயை நம்பவே முடியாது. கடைசி வகுப்பில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் பிள்ளைகள் வரிசையாக மூன்று மூன்றாகப் போட்டுக்கொண்டு போவார்கள். ஆக, உங்களிடம் இருந்த ஒரே நல்ல சாட்சி அந்த இன்டர்னல் மார்க். அதைத்தான் அழித்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆசிரியர்களுக்கு ஏன் அக்கறை இல்லை? அவர்கள் ஃபைலை நீங்கள் முடித்துக் கொடுக்கிறீர்கள், அதனால்தான். பயிற்சி என்ற பேரில் செமினார் ஹாலில் உட்கார வைத்து கற்றலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாடு 1956இல் வந்தது, 2001இல் திருத்தினார்கள் என்று ஸ்லைடு ஓட்டியிருப்பீர்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது, அதனால்தான் இந்த சி.ஓ. (ஒரு பாடத்தின் இலக்கு), பி.ஓ. (மொத்தப் படிப்பின் இலக்கு) கணக்கு என்று சொல்லியிருப்பீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் தெர்மோடைனமிக்ஸ் எடுக்கும் ஒரு மூத்தவருக்கு இதைக் கேட்டு நாளைக் காலை வகுப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று தெரியாது. அவர் டீயை எடுத்துக்கொண்டு போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஹாலை விடுங்கள். ஒரு துறையை மட்டும் எடுங்கள். ஸ்டாஃப் ரூமிலேயே, இரண்டு மணி நேரம். ஆளுக்கொரு விடைத்தாள் நகலைக் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே விடைத்தாள், பெயரும் மார்க்கும் மறைத்தது. ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் திருத்தட்டும். அப்புறம் மார்க்கைப் பலகையில் எழுதுங்கள். ஒரே விடைக்கு ஒருவர் நாலு போட்டிருப்பார், ஒருவர் எட்டு போட்டிருப்பார். அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். "யூனிட் போடலைன்னா நான் ரெண்டு குறைப்பேன்", "ஸ்டெப் சரியா இருந்தா நான் முழு மார்க்" என்று சண்டையே வரும். வரட்டும். அந்தச் சண்டையிலிருந்து எதற்கு எத்தனை மார்க் என்று அவர்களே ஒரு அளவுகோல் எழுதிக்கொள்வார்கள். இருபது வருட அனுபவம் என்று பேசிய மூத்தவரைத்தான் முதலில் பேச விடுங்கள். ஒரு பிள்ளை எந்த இடத்தில் சறுக்குவான் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் ஸ்லைடில் அது இல்லை.

திட்டம் என்பதை செமஸ்டர் முடிந்தபின் போடாதீர்கள். முதல் கேள்வித்தாள் தயாராவதற்கு முன்னால் உட்காருங்கள். எல்லா பி.ஓ.வுக்கும் பாடம் எவ்வளவு பொருந்துகிறது என்று 3, 2, 1 போட்டுக் கட்டம் நிரப்புவதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, இந்த வருடம் ஒன்றே ஒன்றைப் பார்ப்போம் என்று முடிவு செய்யுங்கள். செய்த கணக்கைச் சொல்லால் விளக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வருடத்தில் எந்தப் பாடத்தில் அதைப் பழக்குகிறோம், எந்த லேபில் கேட்கிறோம், எந்தக் கேள்வி அதை அளக்கும், யார் எப்போது விடைத்தாளைப் பார்ப்பார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

அலுவலகப் பணியாளர்களை ஆசிரியர்களோடு சேர்த்து உட்கார வைக்காதீர்கள். எக்ஸாம் செல்லில் மார்க் ஏற்றுபவருக்கு ப்ளூம் எதற்கு? கேள்வி வாரியாக மார்க் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், ஏற்றியபின் மாற்ற யார் கையெழுத்து வேண்டும், இந்த இரண்டும் அவருக்குத் தெளிவாக இருந்தால் போதும். லேப் உதவியாளரிடமும் பேசுங்கள். எந்தப் பிள்ளை தானாக மீட்டரைத் தொடுகிறான், எவன் பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

லெவல் குறைந்தால் அங்கீகாரம் போய்விடுமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். என்.பி.ஏ. அறிக்கையில் எங்கே குறை இருந்தது, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கும் பகுதி இருக்கிறதே, அதில் இதுவரை என்ன எழுதினீர்கள்? எல்லாம் மூன்று என்றால் அங்கே எழுத எதுவும் இருக்காது. சராசரி லெவல் 1.4 வந்தது, டுட்டோரியலில் வாரம் ஒரு விளக்கக் கேள்வி சேர்த்தோம், அடுத்த பேட்ச் 1.7 என்று துறைக் கூட்டக் குறிப்போடு காட்டினால் வருகிறவர்கள் படிப்பார்கள்.

பொறுப்பை விட வேண்டாம். இப்போது விட்டால் அந்தத் திருத்திய எக்செல் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். முதல்வரைப் பாருங்கள். இனி யாருடைய கோர்ஸ் ஃபைலையும் நான் முடிக்க மாட்டேன், வராத ஃபைல் வரவில்லை என்றே பட்டியலில் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அதையே எழுத்திலும் கொடுங்கள். மாற்றிய மார்க்குகளையும் சொல்லுங்கள். மூல விடைத்தாள்கள் இருக்கும் பாடங்களில் அவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதற்கு நீங்களே உட்கார வேண்டும், கல்லூரியில், வேலை நேரத்தில். அவர் மறுத்து, எண்ணை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்குப் பொறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். காரணத்தைக் கடிதத்தில் எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.