லிப்டில் நாய் வரக்கூடாது என்று சங்கம் நோட்டீஸ் போடலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் செல்லிக்கு 11 வயது. நாட்டு நாய், 24 கிலோ. பின்னங்காலில் மூட்டுவலி, படி ஏற முடியாது. அரையாண்டு விடுமுறைக்கு எல்லா வீட்டிலும் விருந்தாளிகள், குழந்தைகள் வருவார்கள் என்பதால் டிசம்பர் 24 முதல் காணும் பொங்கல் வரை நாய்களை லிப்டிலும் கீழே பொது இடத்திலும் கொண்டுவரக்கூடாது, மீறினால் 2000 ரூபாய் அபராதம் என்று சங்கம் வாட்ஸ்அப்பில் அறிவித்திருக்கிறது. போன புத்தாண்டு இரவில் கீழே சரவெடி வெடித்தபோது செல்லி மிரண்டு, திறந்திருந்த கதவு வழியாக ஓடிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தாள். எதிர் வீட்டுப் பையன் ஒருமுறை அவள்மேல் வெடியைக் கொளுத்திப் போட்டான். பொங்கலுக்கு நாகர்கோவில் போகவேண்டும். அவளை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் நோட்டீஸ் விஷயத்தைப் பார்ப்போம். மூட்டுவலி உள்ள 24 கிலோ நாயை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நான்கு மாடி தூக்கிக்கொண்டு இறங்கி ஏறச் சொல்வதும், மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வை என்பதும் ஒன்றுதான். இதைச் சொல்லச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது, பெரும்பான்மை ஓட்டுப் போட்டுத் தீர்மானம் போட்டாலும் செல்லாது, லிப்டில் ஏற்ற மறுக்கவும் கூடாது என்று அது சொல்கிறது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை என்று உங்கள் செயலாளர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணவேண்டும் என்கிறது. 11-வது பிரிவோ, வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதைக் குற்றமாகவே சேர்த்திருக்கிறது. அதாவது, அந்த நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டால் நீங்கள்தான் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள். செல்லப்பிராணி வளர்க்கக்கூடாது என்று சங்க விதியில் எழுதுவது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அது நம் மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்ட நல்ல தீர்ப்பு.

செல்லாத தடையை மீறியதற்கு அபராதமும் செல்லாது. கட்டவேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கோபத்தில் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். வக்கீலான என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தத் தவறைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அப்புறம் நாய் விவகாரம் பின்னால் போய், நீங்கள் பாக்கிதாரர் என்பதே பேச்சாகிவிடும்.

இன்றைக்கே செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். காகிதத்தில் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்: "எங்கள் நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் உள்ளன. நகல்கள் இணைத்துள்ளேன். வயதும் மூட்டுநோயும் காரணமாக அது படி ஏறமுடியாது. மருத்துவர் சான்று இணைப்பில். காலை ஆறரை மணிக்கும் இரவு எட்டரை மணிக்கும் கயிறு கட்டி லிப்டில் அழைத்துச் செல்வேன். லிப்டில் வேறு யாராவது இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பேன். அசுத்தம் செய்தால் உடனே சுத்தம் செய்வேன். விலங்குகள் நல வாரிய வழிகாட்டுதலுக்கு முரணான அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோருகிறேன்."

உரிமம் இல்லையென்றால் கடிதத்துக்கு முன் அதை வாங்குங்கள். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாத நாய்க்காக உரிமை பேசினால் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள்.

கடிதத்துக்குப் பிறகும் தடுத்தால், தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டினால், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சிவில் நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் நீதிமன்றங்களுக்கும் விடுமுறை. அதனால்தான் இப்போதே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

சரி, இனி உங்கள் பக்கம். அண்டை வீட்டாரின் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, சென்னையில் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் நாயைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. செல்லி சாதுவாக இருக்கலாம். விருந்துக்கு வந்த குழந்தைக்கு அது தெரியாது. ஓடும், கத்தும், வாலைப் பிடிக்கும். மூட்டுவலி உள்ள நாய் வலிக்கும் இடத்தில் கைபட்டால் கடிக்கும். பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 291-வது பிரிவுப்படி, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்டஈட்டு வழக்கு தனி. "வெடிச் சத்தத்தில் மிரண்டு கடித்துவிட்டது" என்பது உங்களைக் காப்பாற்றாது. போன வருஷமே அவள் மிரண்டு ஓடியதை நீங்கள் அறிவீர்கள். அறிந்தும் கதவைத் திறந்து வைத்தீர்கள் என்று எதிர் வக்கீல் கேட்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

யாரையாவது கடித்துவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். பதினைந்து நிமிடம் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி, அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். செல்லியின் தடுப்பூசிச் சான்றையும் கொண்டுபோங்கள்.

வெடியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம். அதுவும் பசுமைப் பட்டாசு. சரவெடி நேரத்துக்குள்ளும் கூடாது. இதைச் சங்கத்துக்கு எழுதும் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். குடியிருப்புக்கு வெளியே ஓர் இடத்தில் வெடிக்கலாமே என்று கேளுங்கள். நேரம் தாண்டி வெடித்தால் 112-க்குச் சொல்லலாம். ஆனால் நள்ளிரவில் போலீஸ் வண்டி வந்து சேர்வதற்குள் செல்லியின் உயிர் பாதி போயிருக்கும். ஆகவே அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு நீங்கள்தான் காவல்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. புத்தாண்டு இரவில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு, நாக்கு வெளியே தொங்க நடுங்கும். வெளியே இழுத்தால் இன்னும் மோசம். அங்கேயே ஒரு பழைய போர்வையை விரித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்போம். நீங்களும் எட்டரைக்கு நடையை முடித்து, பால்கனிக் கதவையும் வாசல் கதவையும் உள்பக்கம் தாழிடுங்கள். "ஹேப்பி நியூ இயர்" சொல்ல மணி அடிப்பவர்களுக்குக் கதவைத் திறப்பதற்குமுன் அவளை அறைக்குள் விட்டு மூடுங்கள். கழுத்துப் பட்டையில் போன் எண் இருக்கட்டும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். நம் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள். அன்போடு வரும் பிளம் கேக்கையும் எட்டாத இடத்தில் வையுங்கள். உலர்திராட்சை நாய்களுக்கு விஷம்.

அந்தப் பையன் விஷயம். நாய்மேல் வெடி போடுவது மிருகவதை. ஊனமானாலோ செத்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆனால் காயமில்லாத கொடுமைக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதமே 10 முதல் 50 ரூபாய்தான். இந்தத் தொகையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே பள்ளிக்கூடப் பையனைப் போலீஸ் நிலையத்துக்கு இழுக்காதீர்கள். அவன் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள். முடிந்தால் செல்லிக்கு அவன் கையால் ஒரு பிஸ்கட் கொடுக்க வையுங்கள், கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.

கடைசியாக நாகர்கோவில். மூன்று நாளுக்குத் தட்டில் சாப்பாட்டைக் கொட்டி வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது குற்றம். எண்ணமே வேண்டாம். ரயிலில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே (இருவர் அறை) அல்லது கேபின் (நால்வர் அறை) முழுவதையும் பதிவு செய்தால் கூடவே கூட்டிப்போகலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க் கூண்டு உண்டு. 11 வயது நாயை ஓர் இரவு முழுவதும் அதில் போட நான் சம்மதிக்கமாட்டேன். நாய்க் காப்பகத்தில் விடுவதானால் முன்கூட்டியே போய், இரவில் ஆள் தங்குகிறாரா என்று பாருங்கள். அவளுக்குத் தரும் மருந்து, அவசரத்துக்கு எந்த மருத்துவர், உங்கள் எண் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்துக்கு ரசீது கேளுங்கள், விடும்போது செல்லியைப் போட்டோ எடுங்கள். அவர்கள் அஜாக்கிரதையால் ஏதாவது நேர்ந்தால், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போட இவைதான் ஆதாரம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், குடும்பத்தில் ஒருவரைச் சென்னையிலேயே செல்லியோடு தங்கச் சொல்வேன்.